வள்ளிக்கண்ணு வைக்காத சேனை

காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டிக்குப் போனால் வள்ளிக்கண்ணு எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காதைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தாலே போதும். அங்கே ஏலம் விடும் குரல்களில் ஒரே ஒரு பெண் குரல் என் மனைவியுடையது. "பூவன் தார், முத்துன தார், கண்ணத் தொறந்து பாத்துட்டுக் கேளுங்க! ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அவள் ஆரம்பித்தால் பாலக்கரை வரைக்கும் கேட்கும் என்பார்கள் மண்டிக்காரர்கள். அது கொஞ்சம் அதிகப்படி. அடுத்த தெரு டீக்கடை வரைக்கும் கேட்கும். நானே அங்கே டீ குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

நான் அடைக்கலம். அரசு பஸ்ஸில் கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் நாளெல்லாம் "உள்ள தள்ளிப் போங்க" என்று கத்துவது என் பிழைப்பு. காட்டூரில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கத்துவது அவள் முறை, கேட்பது என் முறை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஏற்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை.

அந்த மண்டி அவளுடைய அப்பா நடத்தியது. ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று தார்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி பூவரசன் அப்போது பள்ளிக்கூடப் பையன். மண்டியை வேறு யாருக்காவது விட்டுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோதே வள்ளி மண்டிக்குப் போய் அப்பா நின்ற பலகைமேல் ஏறி நின்றுவிட்டாள். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்களாம். அவள் போட்ட சத்தத்தில் சிரிப்புச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தம்பியைப் படிக்க வைத்து, மின்வாரியத்தில் வேலைக்கு அனுப்பி, பிரேமலதாவைப் பார்த்துக் கட்டிவைத்து, ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் குடிவைத்தது வரைக்கும் எல்லாம் அந்தத் தொண்டை சம்பாதித்ததுதான்.

அந்தத் தொண்டைக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்தால் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைப்பது, அவ்வளவுதான். ஆனால் யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் கண்டவர்களை வைக்க விடமாட்டார்கள். சொந்தத்தில் எங்கே குழந்தை பிறந்தாலும் வள்ளியைத்தான் கூப்பிடுவார்கள். லால்குடியிலும் முசிறியிலும் அவள் சேனை வைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றுகூட வாயில்லாப் பூச்சி இல்லை. வகுப்பில் பேசி வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் கணக்கை எடுத்தால் எல்லாம் என் மனைவியின் கைராசியாகத்தான் இருக்கும்.

பிரேமலதாவுக்குப் பல வருஷம் குழந்தை தங்கவில்லை. கடைசியில் தங்கியது என்று தெரிந்த அன்றே வள்ளி சின்னக்கடைத் தெருவுக்குப் போய்ச் சின்னதாக ஒரு வெள்ளிச் சங்கு வாங்கிவந்தாள். தம்பி குழந்தைக்குச் சேனை வைக்க. அதைப் பட்டுத்துணியில் சுற்றித் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். மண்டிக்குப் போனாலும் சங்கு கூடவே போகும்.

குழந்தை அவசரப்பட்டது. ஏழாவது மாதம் முடிவதற்குள் பிரேமலதாவுக்கு ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். பிரேமலதாவை ஒரு ஐசியூவிலும் குழந்தையை இன்னொரு ஐசியூவிலும் வைத்தார்கள். நாங்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குழந்தையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கில் குழாய், காலில் ஒயர், தோல் அத்தனை மெல்லிசு. என் ஆள்காட்டி விரல் அதன் முழங்கையைவிடத் தடிமன். வள்ளி அழவில்லை. கைப்பையைத் திறந்து சங்கை எடுத்தாள்.

குழந்தைகள் டாக்டர் ஜமீல் தன்மையான மனிதர். "வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதும்மா. வெளியிலேருந்து கொண்டு வந்தது எதுவும் ஆகாது. இந்தக் குழந்தைக்குக் கிருமியை எதிர்க்கத் தெம்பு இல்ல" என்றார். வள்ளி மறு பேச்சுப் பேசாமல் சங்கை உள்ளே வைத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் மறு பேச்சுப் பேசாத சந்தர்ப்பங்களில் அது ஒன்று. குழந்தை வீட்டுக்கு வரட்டும், முதல் சேனை நான் வைக்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் அது நடந்தது. ஒரு காலையில் நானும் அவளும் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். உள்ளே அக்னஸ் என்கிற நர்ஸ் ஊசியில்லாத ஒரு சிறிய சிரிஞ்சை எடுத்துக் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த இன்னொரு நர்ஸை வள்ளி பிடித்துக் கேட்டாள். "அது என்னங்க, வாயில வச்சது?"

"சர்க்கரைத் தண்ணிம்மா" என்றாள் அந்தப் பெண், நடக்கப்போவது தெரியாமல்.

அதன் பிறகு வள்ளி போட்ட சத்தத்தில் கீழே மருந்துக் கடையில் இருந்தவர்கள் மாடியேறி வந்தார்கள். அமைதி காக்கவும் என்ற பலகை அவள் தலைக்கு நேர் மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு மட்டும் கூடாது! அத்தக்காரி நான் சங்கோட நிக்கிறேன், என்னை வெளியில நிறுத்திட்டு நீங்க சேனை வப்பீங்களா? என் தம்பி குழந்தைக்கு எவ குணம் வரணும்னு நீங்க முடிவு பண்ணுவீங்களா?"

அக்னஸ் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். முப்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். அவளும் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஆனால் குரலை உயர்த்தாமல் பேசினாள். "நான் சேனை வைக்கலம்மா. குத்துறதுக்கு முன்னாடி வலி தெரியாம இருக்கக் குடுக்கிற மருந்து மாதிரி அது. இங்க இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் வைக்கிறோம். தயவு செஞ்சு மெதுவாப் பேசுங்க. உங்க சத்தத்துக்கு உள்ள நாலு குழந்தை துடிக்குது."

டாக்டர் ஜமீல் வந்தார். எங்களையும், சத்தம் கேட்டு ஓடி வந்த பூவரசனையும் தன் அறைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தார். "பச்சக் குழந்தைக்கு வலி தெரியாதுன்னு ஒரு காலத்துல டாக்டருங்களே நெனச்சாங்கம்மா. தெரியும். மாசம் நெறையாம பொறந்ததுக்கு இன்னும் அதிகமாவே தெரியும். சொல்லத்தான் தெரியாது. தினமும் எத்தனையோ தடவை குத்த வேண்டியிருக்கு. அதுக்கெல்லாம் பெரிய மருந்து குடுக்க முடியாது. நாக்குல ஒரு சொட்டு இனிப்புப் பட்டா அந்த நேரத்துக்கு வலி கொஞ்சம் மட்டுப்படும். நாங்க சுத்தமாத் தயாரிச்சது, அளவாத்தான் வைக்கிறோம்."

"வேற வழியே இல்லையா?"

"கையால அணைச்சுப் பிடிச்சுக்கலாம். துணியில சுத்தி வச்சுக்கலாம். அதையும் செய்யிறோம். எல்லாத்தையும் சேத்துச் செஞ்சாத்தான் நல்லது."

"அப்ப அதை மட்டும் செய்யுங்க. இனிப்பு வேணாம். வச்சது வச்சதாப் போவட்டும், இனிமே வேணாம்."

டாக்டர் பூவரசனைப் பார்த்தார். அப்பா அவன்தானே. அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். மின்கம்பத்தில் ஏறப் பயப்படமாட்டான், அக்காவுக்குப் பயப்படுவான். "அக்கா சொல்றபடியே இருக்கட்டும் சார்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. "வள்ளி, டாக்டர் இவ்வளவு சொல்றாரு..." என்று ஆரம்பித்தேன். "நீங்க சும்மா இருங்க" என்றாள். போதாக்குறைக்கு, லால்குடியிலிருந்து அவளுடைய பெரியம்மா சந்திரம்மாள் போன் போட்டு, "மொதச் சேனை எவளோ வச்சுட்டாளாமே, நீ பாத்துக்கிட்டா நின்ன?" என்று எரிகிற அடுப்பில் இன்னும் இரண்டு விறகை வைத்தாள்.

அதிலிருந்து குதிகாலில் குத்தும்போது அக்னஸ் இரண்டு கைகளாலும் குழந்தையின் தலையையும் கால்களையும் சேர்த்துப் பொத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொரு நர்ஸ் குத்துவாள். குழந்தை முகத்தைச் சுருக்கி வாயைத் திறக்கும். கண்ணாடிக்கு வெளியே சத்தம் கேட்காது. வள்ளி அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வாள்.

பிறந்து ஒரு மாதம் ஆகும்போது கண் பரிசோதனை என்றார்கள். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காதாம். வெளியே வந்த பிறகு அவை தாறுமாறாக வளர ஆரம்பித்தால் பார்வையே போய்விடுமாம். உரிய நேரத்தில் பார்த்துவிட்டால் காப்பாற்றிவிடலாம். ஆனால் பார்ப்பது சுலபமில்லை. இமை மூடாமல் ஒரு சின்னக் கம்பியால் விரித்து வைத்து, தலையில் விளக்கு மாட்டிய கண் டாக்டர் உள்ளே பார்க்க வேண்டும்.

அன்று நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கதவு சரியாக மூடவில்லை. ஒரு சின்ன வீறல் கேட்டது. இன்னொன்று கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மெஷின் கத்த ஆரம்பித்தது, ஆட்கள் ஓடினார்கள். பூவரசன் எழுந்து நின்றான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கண் டாக்டர் அம்மா வெளியே வந்தார். "மூச்சு நின்னுடுச்சு. பயப்படாதீங்க, உடனே வர வச்சுட்டாங்க, இப்ப நல்லா இருக்கா. ஆனா பரிசோதனையைப் பாதியில நிறுத்த வேண்டியதாப் போச்சு. பாத்த வரைக்கும் எனக்குத் திருப்தியா இல்ல. அடுத்த வாரத்துக்குள்ள முழுசாப் பாத்தே ஆகணும். தள்ளிப் போட்டா பார்வைக்கு ஆபத்து."

எல்லோரும் போன பிறகு வள்ளி அக்னஸிடம் போய் நின்றாள். "வலியாலயா சிஸ்டர் மூச்சு நின்னுச்சு?"

"வலியாலயும்தாம்மா."

"அந்த இனிப்பு வச்சிருந்தா நின்னிருக்காதா?"

"அப்படி உறுதியாச் சொல்ல மாட்டேன். இந்தப் பரிசோதனைக்கு இனிப்பு மட்டும் பத்தாது. ஆனா கொஞ்சமாச்சும் தாங்கியிருக்கும்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட வள்ளி சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். இந்தப் பதிலோடு யாரிடம் சண்டை போடுவது? பஸ்ஸில் காட்டூர் வரும் வரைக்கும் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டிலும் பேசவில்லை. நான் சாம்பாரில் உப்பில்லை என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். பேசாமல் எழுந்து போய் உப்பை எடுத்து வந்து வைத்தாள். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததே இல்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மண்டிக்குப் போகாமல் நேரே டாக்டர் ஜமீலிடம் போனாள். "இனிப்பை வைங்க சார். நான் வேணாம்னு சொன்னது தப்பு. அது மட்டும் பத்தாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. வேற என்ன வேணும்? நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"நெஞ்சு வேணும்" என்றார் டாக்டர் ஜமீல். "குழந்தையை வெறும் தோலோட தோலா நெஞ்சுல போட்டு வச்சிருந்தா மூச்சு சீராகும், வலியைத் தாங்கும். அம்மாதான் செய்யணும். ஆனா பிரேமலதாவால இன்னும் எழுந்து உக்கார முடியல. பூவரசனுக்குச் சளி, உள்ள விட முடியாது. நீங்க செய்வீங்களா?"

"செய்வேன்."

"மணிக்கணக்கா அசையாம உக்காரணும். சத்தமாப் பேசக் கூடாது."

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்ததும் இருமுவதுபோல் சமாளித்தேன்.

அக்னஸ் அவளைத் தயார் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நகத்தை வெட்டச் சொன்னாள். தலையில் இருந்த பூவை எடுக்கச் சொன்னாள். கம்மல், மோதிரம், சங்கிலி எல்லாம் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. வளையல் மட்டும் வரவில்லை. அப்பா போட்டது, அவர் போன பிறகு கழற்றியதே இல்லை. அக்னஸ் சோப்பைக் குழைத்து, அவள் கையைப் பிடித்து மெல்ல மெல்ல உருட்டி எடுத்தாள். வள்ளி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதாம்மா?" என்றாள் அக்னஸ். "எனக்கும் நாக்குல ஒரு சொட்டு வைக்கிறதுதானே" என்றாள் வள்ளி. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் முதல்முதலாக அப்போதுதான் பார்த்தேன்.

பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு அவள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்னஸ் குழாய், ஒயர் எதுவும் இழுபடாமல் குழந்தையைத் தூக்கி அவள் நெஞ்சின்மேல் கவிழ்த்துப் போட்டு, துணியால் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினாள். வாழைத்தாரை ஒற்றைக் கையால் புரட்டுகிறவள் அசையப் பயந்து உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் மானிட்டரில் எண்கள் ஏறி ஒரு நிலைக்கு வந்து நின்றன. குழந்தை தூங்கிவிட்டது.

அன்று ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. குழந்தையைக் கீழே இறக்கவில்லை. வள்ளியின் நெஞ்சில் இருக்கும்போதே அக்னஸ் நாக்கில் ஒரு சொட்டு வைத்து, கொஞ்சம் பொறுத்து, குதிகாலில் குத்தினாள். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். குழந்தை புருவத்தைச் சுளித்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. இதோ அழப்போகிறது என்று நினைத்தேன். அழவில்லை. நாக்கை ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டு, கன்னத்தை அத்தையின் நெஞ்சில் தேய்த்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனது. வள்ளி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கையை எடுத்தால் குழந்தை அசைந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

தினமும் அதுதான் வேலை. ஏலம் விட ஆளில்லாமல் மண்டியில் அவளுடைய ஆட்கள் திண்டாடினார்கள். "அக்கா எப்ப வரும்?" என்று கேட்டுக் கேட்டு எனக்குப் போன் வரும். இங்கே அக்கா உதடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இல்லை, உதடு அசைந்தது. மெதுவான குரலில் ஏதாவது பாடலாம், குழந்தைக்கு நல்லது என்று அக்னஸ் சொல்லியிருக்கிறாள். வள்ளிக்குத் தாலாட்டு எதுவும் தெரியாது. எங்கள் மகளையே ஏலம் சொல்லித்தான் தூங்கவைத்தவள். அதனால் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் கிசுகிசுப்பாக, "ரஸ்தாளித் தார், நல்ல தார், ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தரம் மட்டும் சொல்வதில்லை. மறுபடி கற்பூரவல்லிக்குப் போய்விடுவாள்.

"ஏன் மூணு தரம் சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று அக்னஸ் கேட்டாளாம்.

"மூணு தரம் சொல்லிட்டா சரக்கு கைய விட்டுப் போயிடும்லம்மா. குழந்தைய வச்சுக்கிட்டு அதைச் சொல்லுவாங்களா?"

கண் பரிசோதனை நாள் வந்தது. பூவரசனும் நானும் கண்ணாடிக்கு வெளியே. பிரேமலதாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். இந்தத் தடவையும் பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

உள்ளே விளக்குகளைக் குறைத்தார்கள். முன்கூட்டியே வள்ளி குழந்தையை நெஞ்சில் போட்டு அமைதியாகத் தூங்கவைத்திருந்தாள். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டார்கள். பிறகு குழந்தையை மெல்லிய துணியில் கைகால் உள்ளடங்கச் சுற்றி மேஜையில் வைத்தார்கள். அக்னஸ் சிரிஞ்சை எடுத்தாள். எடுத்தவள், தன் கையில் வைத்துக்கொள்ளாமல் வள்ளியிடம் நீட்டினாள். உள்ளே என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. அக்னஸ் பிற்பாடு எங்களிடம் சொன்னதுதான் இது.

"நீங்க வைங்க வள்ளியம்மா. கையைக் கழுவிட்டீங்கல்ல? அளவு நான் சொல்றேன். இது உங்க உரிமைதானே."

வள்ளி அந்த சிரிஞ்சைப் பார்த்தாளாம். வெள்ளிச் சங்கு வாங்கி மாதக்கணக்காகச் சுமந்தவள். "வேணாம்மா. என் குணம் ஒண்ணு இந்தக் குடும்பத்துக்குப் போதும். நீ வை. இந்தப் பொண்ணுக்கு உன் பொறுமை வரட்டும்."

அக்னஸ் சொட்டு வைத்தாள். வள்ளி இரண்டு உள்ளங்கைகளாலும் குழந்தையைக் கூடுபோல் பொத்திக்கொண்டாள், ஒரு கை தலைக்கு, ஒரு கை காலுக்கு. கண் டாக்டர் குனிந்தார். குழந்தை திமிறியது. மானிட்டரில் எண் இறங்கியது. பிரேமலதா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. எண் இன்னும் இறங்கியது. கண் டாக்டர் கையை நிறுத்தினார். அக்னஸ் இன்னொரு சொட்டு வைத்தாள். வள்ளி குழந்தையின் காதுப் பக்கம் குனிந்தாள், உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கேட்கவே வேண்டாம், பார்த்தாலே தெரியும்: ஒரு தரம். ரெண்டு தரம். பூவன். ஒரு தரம். ரெண்டு தரம். எண் நின்றது. ஏறத் தொடங்கியது. கண் டாக்டர் மறுபடி குனிந்தார். ஒரு கண் முடிந்து அடுத்த கண்ணுக்குப் போனார். குழந்தை முனகியது, சப்புக்கொட்டியது, ஆனால் மூச்சு நிற்கவில்லை.

கண் டாக்டர் தலை விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். நான் நடு வராந்தாவில் நின்று விசிலடித்துவிட்டேன். பஸ்ஸில் அடித்துப் பழக்கம். செக்யூரிட்டி வந்து திட்டினார், திட்டட்டும்.

அதே நேரத்தில் உள்ளே துணியைத் தளர்த்தியதும் குழந்தை அழுதது பாருங்கள், கண்ணாடியைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. பிறந்ததிலிருந்து அது போட்ட முதல் பெரிய சத்தம். டாக்டர் ஜமீல் சிரித்தார். வெளியே வந்த வள்ளி தலையை நிமிர்த்திச் சொன்னாள்: "சேனை வச்சது அவ. தொண்டை மட்டும் என்னுது, பாத்துக்கங்க."

கண்ணில் நோய் ஆரம்பித்திருந்தது, ஆனால் சிகிச்சை செய்கிற அளவுக்குப் போகவில்லை, விடாமல் கவனித்து வந்தால் தானாகவே சரியாகலாம் என்றார்கள். விடாமல் கவனித்தார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதே ஏற்பாடுதான். அக்னஸின் சொட்டு, வள்ளியின் கை, பாதியில் நின்ற ஏலம். பிரேமலதா தேறி எழுந்து வந்ததும் நெஞ்சில் போடும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். அவளிடம் தாய்ப்பால் எடுக்க முடிந்த பிறகு சர்க்கரைத் தண்ணீருக்குப் பதில் அதையே சொட்டு வைத்தார்கள். ஒரு நாள் கண் டாக்டர், "ரத்தக் குழாய் எல்லாம் முழுசா வளந்துடுச்சு, இனிமே இந்தப் பரிசோதனைக்கு வர வேண்டாம்" என்று சொன்னபோது, அந்த ஆஸ்பத்திரியில் வள்ளி மறுபடி சத்தம் போட்டாள். இந்தத் தடவை யாரும் அவளை அதட்டவில்லை.

ஸ்ரீரங்கம் வீட்டில் பெயர் வைக்கும் விசேஷம் வைத்தார்கள். ஜோதி என்று பெயர். சொந்தமெல்லாம் கூடிவிட்டது. சர்க்கரைத் தண்ணீரும் வெள்ளிச் சங்கும் தாம்பாளத்தில் தயாராக இருந்தன. "என்ன வள்ளி, உக்காரு, முறைப்படி சேனையை வை" என்றாள் லால்குடிப் பெரியம்மா சந்திரம்மாள்.

"சேனை வச்சவங்க வந்துட்டிருக்காங்க" என்றாள் வள்ளி.

எனக்குத்தான் அந்த வேலை கொடுத்திருந்தாள். டியூட்டி முடிந்த அக்னஸைப் புத்தூரிலிருந்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு நான் வந்து சேர்ந்தேன். யூனிஃபார்மை மாற்றக்கூட நேரமில்லை, அப்படியே வந்துவிட்டாள். வள்ளி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், அத்தைக்குப் போட்டிருந்த பலகையில் உட்காரவைத்து, சங்கை அவள் கையில் கொடுத்தாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "அதெப்படி, அத்தைக்காரி இருக்கறப்ப யாரோ ஒருத்தி..." என்று சந்திரம்மாள் இழுத்தாள்.

வள்ளி எழுந்து நடுக் கூடத்தில் நின்றாள். இடுப்பில் கையை வைத்தாள். நான் காதைத் தயார்படுத்திக்கொண்டேன்.

"இந்தப் புள்ளைக்கு வலிக்கக் கூடாதுன்னு மொதல்ல நெனச்சது இவதான். அத்தக்காரி நானில்ல. யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஒரு தரம்!"

அடையவளஞ்சான் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு தரம்!"

பெரியம்மா தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேமலதாவின் மடியில் இருந்த ஜோதி அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள். கூடம் நிறைய முகங்கள் இருந்தன. அவள் கண்கள் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, அத்தையின் முகத்தில் நின்றன. பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

வள்ளியின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. குனிந்து, குழந்தையின் காதுப் பக்கம், ஆஸ்பத்திரியில் பேசும் அந்தக் குரலில் சொன்னாள். "மூணு தரம்."

அக்னஸ் சொட்டு வைத்தாள்.